இரவல் சைக்கிளில் இரண்டு போட்டி

ஏசே லவினா உக்பெசெராயே. இந்தப் பெயர் எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது நாக்கில் தடக்குவதில்லை. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லாறு பக்கமாக விடியற்காலையில் சைக்கிள் உழக்கும் பிள்ளைகள் இவர்கள். ஒருத்தி கூட்டத்தை உடைத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தால் பின்னால் வருகிறவர்கள் "ஏசே! ஏசே!" என்று கத்துவார்கள். ரோட்டோரம் கோலமாவு விற்கிற ஆச்சி ஒருநாள் என்னை மறித்து, "டீச்சர், ஆருகா அந்த ஏசே? உங்கட பள்ளிக்கூடத்துப் புள்ளையா?" என்று கேட்டார். நின்று விவரம் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

ஏசே நைஜீரியா நாட்டுப் பெண். ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓடிய முதல் நைஜீரியப் பெண் அவர்தான். 2024ல் பாரிஸில் ஓடினார். வீதிப் போட்டிக்கு என்று போனவர், கடைசி நேரத்தில் இடம் கிடைத்ததால் வெலோட்ரோம் என்கிற சைக்கிள் ஓடுதள அரங்குக்குள் நடக்கும் இரண்டு போட்டிகளிலும் இறங்கவேண்டி வந்தது. அதற்குரிய சைக்கிள் அவர் கையில் இல்லை. ஜெர்மனி அணி ஒன்றைக் கொடுத்தது. அவர் அதில் ஓடினார், அவர்களுக்குச் சமூக ஊடகத்தில் நன்றி சொன்னார். உலகம் முழுக்கப் போன செய்தி இது. எல்லோரும் ஜெர்மனியின் நல்ல மனதை மெச்சினார்கள். மெச்சவேண்டியதுதான். ஆனால் அந்த மெச்சலோடு கதையை முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் செய்தியில் ஏசே உதவி வாங்கியவராக மட்டும் நிற்கிறார். அவர் சைக்கிள் ஓடுகிறவர். ஆப்பிரிக்க சம்பியன்ஷிப் போட்டிகளில் பதக்கம் எடுத்தவர். அந்தக் கணக்கில்தான் அவரைப் பார்க்கவேண்டும்.

முதலில் வீதிப் போட்டி. ஆகஸ்ட் 4ஆம் திகதி, 158 கிலோமீட்டர். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகிற தூரத்தைவிடக் கூட. பாரிஸ் நகரத்துக்குள் மொன்மார்த் ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏறவேண்டும். அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபோக்னர் வென்றார். முடித்தவர்கள் பட்டியலில் ஏசேயின் பெயர் இல்லை. அன்று பலர் எழுதியது அந்த ஒரு வரிதான்: முடிக்கவில்லை.

அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் ரோட்டில் ஓடிப் பார்த்தவருக்கு விளங்கும். கல்முனை ரோடு கரையோரமாக வடக்குத் தெற்காகப் போகிறது. கச்சான் மேற்கிலிருந்து வயலுக்கு மேலால் வந்து பக்கவாட்டில் அடிக்கும். தனியாகப் போனால் கால் மணித்தியாலத்தில் தொடை இறுகிவிடும். நாலு பேர் சாய்கோடாக ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவர் போய், முன்னால் நிற்பவர் களைத்ததும் பின்னுக்கு வந்து அடுத்தவரை விட்டால், அதே காற்றில் அதே தூரத்தைப் பேசிக்கொண்டே ஓடலாம். ஒலிம்பிக் வீதிப் போட்டியில் பெரிய சைக்கிள் நாடுகளுக்கு நாலு பேர் வரை இடம். ஒருத்தி காற்றை மறைப்பாள், ஒருத்தி தண்ணீர்ப் போத்தல் எடுத்து வருவாள், ஒருத்தி எதிரணிக்காரி பாய்ந்தால் துரத்துவாள், மிச்சமுள்ளவள் கடைசி வரைக்கும் காலைக் காப்பாற்றி வைப்பாள். நைஜீரியாவுக்கு ஏசே மட்டும்தான். ஒருமுறை கூட்டத்திலிருந்து பின்தங்கினால் அவரை இழுத்துச் சேர்க்க யாரும் இல்லை. முடிக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

அப்புறம் ஒருசில நாளில் வெலோட்ரோம்.

அப்பா களுவாஞ்சிக்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் எண்ணெய் மணத்தில் வளர்ந்தவள் நான். ஏசேயின் செய்தியை அவருக்குக் காட்டியபோது ஜெர்மனிக்காரரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சீட்ட ஆர் வெச்சுக் குடுத்த?" என்றுதான் கேட்டார். சைக்கிள்காரருக்கு முதலில் தோன்றுகிற கேள்வி அதுதான்.

வெலோட்ரோமில் ஓடுகிற ட்ராக் சைக்கிள் வேறு சாமான். அதற்கு பிரேக் கிடையாது. கியர் மாற்ற முடியாது, ஒரே பல்லுத்தான். பின் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருள முடியாது. வேகத்தைக் குறைக்கவேண்டுமென்றால் பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிக்கவேண்டும், அல்லது சரிவில் மேலே ஏறவேண்டும். ஓடுதளம் 250 மீட்டர் சுற்று, பலகைத் தரை, வளைவில் 40 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். மெதுவாகப் போனால் டயர் வழுக்கும். இப்படியான இடத்தில், தனக்கென்று அளந்து வைக்காத சைக்கிளில், உலகத்திலேயே வேகமான பெண்களுக்குப் பக்கத்தில் ஓடவேண்டும்.

சீட் உயரம் ஒரு விரல் அகலம் பிசகினால்கூட காலின் பலம் பெடலுக்குப் போகும் விதமே மாறிவிடும். உயரம் கூடினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். குறைந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையிலுள்ள தூரம் பிழைத்தால் தோளில் பாரம் விழும், வளைவில் சைக்கிள் சொல்வழி கேட்காது. சீட்டை ஏற்றலாம் இறக்கலாம், பல்லுச் சக்கரத்தை மாற்றலாம், ஆனால் பிரேமின் நீளத்தை மாற்ற முடியாது. அதோடு உடம்பு ஒரு சைக்கிளைப் பழகுவதற்குக் காலம் வேண்டும். மற்றவர்கள் வருடக்கணக்காகத் தங்கள் சைக்கிளிலேயே இருந்து, சீட்டை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி நகர்த்தித் தங்களுக்குச் சரியான இடத்தைப் பிடித்தவர்கள்.

அவர் ஓடிய இரண்டில் ஒன்று கெய்ரின். ஜப்பானில் 1948ல் தொடங்கிய போட்டி. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 2000ல் வந்தது, பெண்களுக்கு 2012 வரைக்கும் காத்திருக்கவேண்டி இருந்தது. ஆறு சுற்று. முதல் மூன்று சுற்றும் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போகும். அது மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டி மணிக்கு 50 கிலோமீட்டர் அளவுக்குக் கொண்டுபோய் விட்டு விலகிவிடும். பிறகுதான் உண்மையான சண்டை. தோள் உரசும், முழங்கை இடிக்கும், யார் உள்வரியைப் பிடிக்கிறார் என்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிவாகிவிடும். மற்றது ஸ்ப்ரின்ட். முதலில் 200 மீட்டரைத் தனியாகப் பறந்து நேரம் வைக்கவேண்டும், அந்த நேரத்தை வைத்துத்தான் யார் யாரோடு மோதுவது என்று தீர்மானிப்பார்கள். ஏசே இரண்டிலும் ஆரம்பக் கட்டத்தோடு வெளியேறினார். இரண்டு தங்கமும் நியூசிலாந்தின் எல்லெஸ் ஆண்ட்ரூஸுக்கு.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்வது சுலபம். எனக்கு அந்த ஆறுதலும் போதாது. வேறு நாடுகள் விட்ட இடம் பகிரப்பட்டபோது, அதை எடுத்து ஓடக்கூடிய தகுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெண் இருந்தார் என்பதுதான் செய்தி. அந்தத் தகுதி ஒரு வாரத்தில் வந்ததில்லை. அபுஜாவில் தேசிய விளையாட்டரங்கத் தொகுதிக்குள் ஒரு வெலோட்ரோம் இருக்கிறது. 2003ல் நடந்த அனைத்து ஆப்பிரிக்க விளையாட்டுக்காகக் கட்டியது. 2022ல் ஆப்பிரிக்க ட்ராக் சம்பியன்ஷிப்பும் அங்கே நடந்தது. அந்தக் கண்டத்தின் பெரும்பாலான நாடுகளுக்கு அப்படி ஒரு தளமே இல்லை. ஒரு கட்டடம் இருந்ததால் அந்நாட்டுப் பெண்கள் ட்ராக்கில் ஓடப் பழகினார்கள், பழகியவர்களில் ஒருவர் பாரிஸுக்குப் போனார். இங்கே மைதானம் கேட்டு யாராவது கடிதம் எழுதும்போது "எத்தனை பேர் வரப்போகிறார்கள்?" என்று கேட்கிறார்கள் அல்லவா? கட்டினால்தானே வருவார்கள்.

தொழில்முறை சைக்கிள் ஓட்டம் என்பது ஐரோப்பாவைச் சுற்றியே நடக்கிறது. பெண்களின் உயர்மட்ட அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று வந்ததே 2020ல்தான், வருடத்துக்கு 15,000 யூரோவில் தொடங்கியது. அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது. ஆனால் அது மேல்தட்டு அணிகளுக்கு. அதற்குக் கீழே ஓடுகிற எத்தனையோ பெண்கள் வேறு வேலையும் பார்த்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண் அந்த மேல்தட்டுக்குப் போகவேண்டுமானால் ஐரோப்பாவில் ஓடிக் காட்டவேண்டும். ஐரோப்பாவில் ஓட விசா வேண்டும். எங்கள் கடவுச்சீட்டும் அவர்களுடைய கடவுச்சீட்டும் ஷெங்கன் வாசலில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம், திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறிப் போய் விசா அலுவலகத்தில் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பெல்ஜியக்காரப் பெண் காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டுப் பின்னேரம் போட்டி முடித்து வீட்டுக்கு வருகிறாள். வருடம் முழுக்க அவளுக்கு அப்படி. தூரத்துப் பெண்ணுக்கு அதே போட்டிக்கு மூன்று மாதம் முன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது, அதுவும் காகிதத்தில்.

சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்ற ஊரில் உலக சைக்கிள் சம்மேளனத்தின் பயிற்சி நிலையம் இருக்கிறது. சைக்கிள் பாரம்பரியம் இல்லாத நாடுகளிலிருந்து பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துத் தங்க வைத்துப் பழக்குகிறார்கள். நல்ல காரியம். அதே நேரம், 2025 செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் உலக வீதி சம்பியன்ஷிப் நடந்ததைப் பார்த்தபோது, இந்த விளையாட்டு எவ்வளவு பிந்தி அங்கே போயிருக்கிறது என்று தோன்றியது. ஆப்பிரிக்க மண்ணில் அதுதான் முதல் தடவை. கனடாவின் மக்டலீன் வலியேர் வென்ற பெண்கள் போட்டியை நாங்கள் கடைக்குள் இருந்து போனில் பார்த்தோம். வீதியின் இரண்டு பக்கமும் சனம் தேர்த் திருவிழாவுக்கு நிற்கிற மாதிரி நின்றது. போட்டி பார்க்க ஆட்கள் இல்லை, ஆர்வம் இல்லை என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்குப் பக்கத்துத் தீவான மொரீஷியஸின் கிம் லெ கோர் பற்றிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். 2025ல் பெல்ஜியத்தில் நடக்கும் லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் பெண்கள் போட்டியை வென்றார், அதே வருடம் பெண்கள் டூர் டி பிரான்ஸில் முன்னிலையில் இருப்பவருக்குக் கொடுக்கிற மஞ்சள் பனியன் போட்ட முதல் ஆப்பிரிக்கப் பெண்ணும் ஆனார். ஆனால் பிள்ளைகளின் மனம் ஏசேயிடம்தான் போகிறது. ஏன் என்று கேட்டதற்கு ஒருத்தி சொன்னாள், "அவவும் ஆக்கள்ட சைக்கிள்லதானே டீச்சர் ஓடினா."

அப்படிச் சொன்ன பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். பெயர் வேண்டாம்.

எங்கள் ஊர்களில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி எப்படி நடக்கும் என்று தெரியும்தானே. விடியற்காலையில் ஆண்களுக்கு மரதன், ஆண்களுக்கு சைக்கிள் ஓட்டம். பரிசும் பெரிதாக இருக்கும். பின்னேரம் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், யானைக்குக் கண் வைத்தல். பெண்களுக்கு சைக்கிள் என்றால் மெதுவான சைக்கிள் ஓட்டம். கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு, கால் நிலத்தில் படக்கூடாது. ஒருமுறை ஏற்பாட்டாளர் ஒருவரிடம், காலை ஓட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வையுங்கள் என்று கேட்டேன். "அதுக்குத்தானே டீச்சர் ஸ்லோ சைக்கிள் வெச்சிருக்கம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

இந்தப் பிள்ளை அந்த மெதுவான ஓட்டத்தில் தொடர்ந்து வெல்கிறவள். அவள் லேடீஸ் சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பி, முன் சக்கரத்தை இம்மியளவு முன்னும் பின்னும் அசைத்து, பெடலில் பாரத்தை வைத்தும் எடுத்தும், இடுப்பை அசைக்காமல் நிற்பாள். ட்ராக் ஸ்ப்ரின்டில் உலக சம்பியன்கள் செய்வதும் இதைத்தான். முன்னால் போகிறவர் காற்றை வெட்டவேண்டும், பின்னால் வருகிறவருக்கு லாபம். ஆகவே ஒருவரை ஒருவர் முன்னுக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சிலவேளை ஓடுதளத்தின் நடுவில் பிரேக் இல்லாத சைக்கிளை அப்படியே நிறுத்தி நிற்பார்கள். நடுவர்கள் 30 விநாடிக்கு மேல் விடமாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது போதும் என்று நாங்கள் ஒதுக்கிக் கொடுத்த விளையாட்டுக்குள்ளேயே ஒலிம்பிக் வித்தை ஒன்று இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற 200 மீட்டர் பாய்ச்சலைத்தான் அவர்களிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறோம்.

அவளைக் காலைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா யோசித்தார். வெயிலில் கறுத்துவிடுவாள் என்று மாமி சொன்னார். ரோட்டில் லொறி போகிறது என்று தாத்தா சொன்னார், அந்தப் பயம் நியாயமான பயம், எனக்கும் உண்டு. கடைசியில் அவளுடைய தாய்மாமன், சவூதியிலிருந்து லீவில் வந்து நின்றவர், தன்னுடைய பழைய ரேசிங் சைக்கிளைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். "ஓடட்டும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆறடி மனிதருக்கு வாங்கிய சைக்கிள் அது. அவள் என் தோள் உயரம். அப்பா அவளை ஏற்றிவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிக்காலை அதில் வைக்கச் சொன்னார். கால் எட்டவில்லை. சீட் கம்பியைப் பிரேமுக்குள் முழுக்க இறக்கினார். அப்போதும் குதிக்காலுக்கும் பெடலுக்கும் இடையில் பெருவிரல் நுழைகிற இடைவெளி. சீட்டை முன்னுக்குத் தள்ளினார். ஹேண்டிலைப் பிடித்திருந்த தண்டைக் கழற்றி, கடையில் கிடந்த கட்டையான ஒன்றைப் போட்டார். பிரேக் பிடியை அவள் விரலுக்கு எட்டும்படி வளைத்தார். பிறகு எழும்பி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "ஓடலாம் மகள். ஆனா இது உன்ட சைக்கிள் இல்ல" என்றார். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடியது. அப்படியே ஓடி மாகாணப் போட்டிக்குத் தெரிவானாள். அங்கே கடைசி வளைவில் மற்றவர்கள் சீட்டை விட்டு எழும்பிப் பாய்ந்தபோது இவளுக்கு அந்த நீளமான பிரேமை மடக்கித் திருப்ப முடியவில்லை. பதக்கத்துக்கு இரண்டு இடம் பின்னால் வந்தாள். திரும்பி வருகிற வேனில் அழவில்லை. ஏசேயின் கெய்ரின் ஓட்டத்தை என் போனில் போட்டுத் தரச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எனக்கு அதில்தான் கோபமும் நம்பிக்கையும். இரவல் சைக்கிளில் ஓடினாள் என்று பாராட்டி நாலு வரி எழுதி இந்தப் பிள்ளையையும் நாங்கள் அனுப்பிவிடக்கூடாது. இரவல் என்பது ஓட்டத்தின் முதல் நாளுக்குச் சரி. இரண்டாம் வருடமும் அவள் இரவலில் ஓடினால் தவறு எங்கள் பக்கம். ஏசேக்கு ஜெர்மனி கொடுத்ததை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் பாரிஸுக்குப் போகும்போதே அவருக்கென்று அளந்த ட்ராக் சைக்கிள் பெட்டிக்குள் இருந்திருக்கவேண்டும் என்கிறேன்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம், அல்லது லண்டன், டொரொண்டோ, சூரிச் என்று எங்கே இருந்தாலும், பிள்ளைகள் வளர்ந்ததால் கராஜில் சும்மா நிற்கிற சின்ன ரேசிங் சைக்கிள் யாரிடமாவது இருக்கலாம். எங்களுக்கு வேண்டியது சின்ன பிரேம், 48 அல்லது 50 சைஸ். கார்பன் வேண்டாம், அலுமினியம் போதும், இரும்பென்றாலும் சரி. ஹெல்மெட் மட்டும் புதிதாக இருக்கவேண்டும், விழுந்து அடிபட்ட பழைய ஹெல்மெட்டை அனுப்பவேண்டாம். டயர் வெடித்திருந்தால், செயின் துருப்பிடித்திருந்தால், சீட் கம்பி பிரேமுக்குள் இறுகிப்போயிருந்தால் யோசிக்காதீர்கள். அப்பா கழற்றுவார்.